உமாவின் பெட்டிக்கு ஒரு மூடி

மே 4, ஞாயிறு

கத்திரி ஆரம்பம். காலையிலேயே தகரக் கொட்டகைக்குள் நிற்க முடியவில்லை. என் ஜெராக்ஸ் கடைக்கு விடுமுறை.

கம்ப்யூட்டர் சொன்னபடி மரம் செதுக்கும் சிஎன்சி மெஷின் மேல் போட்டிருந்த போர்வையை இன்றுதான் எடுத்தேன். மார்கழியில் போட்டது. தூசி, ஒரு பல்லி, இரண்டு முட்டை. ஸ்விட்சைப் போட்டதும், பிட் என்கிற செதுக்குமுனையைச் சுழற்றும் ஸ்பிண்டில் மோட்டார் அதே பழைய குரலில் பாடத் தொடங்கியது. கொஞ்ச நேரம்தான். வேகம் ஏறியது, இறங்கியது, ஏறியது, நின்றது. மோட்டார் நின்றாலும் அதைச் சுமக்கும் கை நிற்கவில்லை. சுற்றாத பிட்டை மரத்தில் இழுத்து ஒடித்துவிட்டது. முனை என் காதோரம் பறந்தது.

வேலை: பெட்டி மூடி. பூவரசம் பலகை. அதில் உமா லேப்டாப்பில் வரைந்து வைத்திருந்த கனகாம்பரக் கொத்து.

உமா, என் மகள். மார்கழியில் காய்ச்சல். ஒரு வாரம்கூட இல்லை. எனக்குத் தெரியாததா, எதற்கு எழுதுகிறேன்? எழுதினால்தான் நம்ப முடிகிறது.

வைகாசி முதல் வெள்ளி அவளைக் கன்னியாக வைக்க வேண்டும் என்று எட்டயபுரத்து அக்கா முடிவு செய்துவிட்டாள். கல்யாணமாகாமல் இறந்துபோன பெண்பிள்ளையை எங்கள் வீடுகளில் அப்படி வைப்பதுதான் வழக்கம். ஒரு பெட்டி. அதற்குள் புதுச் சேலை, வளையல், சீப்பு, கண்ணாடி. சாமி அலமாரியில் இடம். அதன் பிறகு அவள் வீட்டுத் தெய்வம்.

செல்வி (என் மனைவி; இனி செ., பேனாவில் மை குறைவு) பிடி கொடுக்கவில்லை. "கடையில வாங்குன ஓலப்பெட்டிக்குள்ள எம்பிள்ளைய வைக்க மாட்டேன்." நேற்று சாயங்காலம் தானாகவே வந்து, "அவ வரஞ்சு வச்சிருக்கால்லா, அந்தப் பூவ மூடியில செதுக்குங்க. அப்பறம் பாப்போம்" என்றாள்.

அதனால்தான் மெஷின்.

மே 6, செவ்வாய்

அனல் காற்று. கொட்டகையில் மேசை விசிறி வைத்துப் பார்த்தேன். சூட்டை எடுத்து முகத்தில் வீசியது.

பார்த்தவை:
பிட்டைப் பிடிக்கும் நட்டு – இறுக்கம்.
பேரிங் – கையால் சுற்றினால் வழுக்கிக்கொண்டு போகிறது.
வயர் முனைத் திருகுகள் – சரி.
மரம் வைக்காமல் வெறும் காற்றில் – அப்போதும் நின்றது. பலகை மேல் பழி போட வழியில்லை.
மெஷினின் இரும்பு மேடையைத் தொட்டால் விரலில் லேசாக விறுவிறு. காரணம் வேர்வை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். வயரிங் எல்லாம் உமா. டிப்ளமோ படித்தவள். பெட்டி பெட்டியாக வந்த உதிரிகளை இரண்டு பேரும் பூட்டினோம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் நான் திருப்புளி எடுத்துக் கொடுத்த ஆள். "அப்பா, அது இல்ல. அந்தச் சின்னது." அவ்வளவுதான் எனக்கு உத்தரவு.

தண்ணீர் வரும் நாள். குடங்களை நான்தான் நிரப்பினேன். செ. எழுந்திருக்கவில்லை.

மே 7, புதன்

அக்கா போன். "ஏலே, பெட்டி ஆச்சா?"

"மோட்டார் மக்கர் பண்ணுதுக்கா."

"மோட்டாராவது கீட்டாராவது. நான் இங்கன ஓலப்பெட்டி ஒண்ணு சொல்லி வைக்கேன். வெள்ளிக்கிழமய விட்டா பெறவு எப்பம்?"

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். மடையன். செ. கேட்டுக்கொண்டே இருந்தாள். போனை வைத்த பிறகு வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்.

"பெட்டியில வச்ச பெறவு பேரு சொல்லிக் கூப்பிடக் கூடாதாம்லா?"

ஆமாம். அதுவும் வழக்கம். கன்னியாக வைத்த பிறகு பெயர் சொல்லக் கூடாது, ஏசக் கூடாது. தாயே என்றுதான் கும்பிட வேண்டும்.

"இப்பமும் காலையில கண்ணு முழிச்சதும் 'ஏட்டி எந்திரி'ன்னு வாய் வருது. சாமிய எப்படிங்க ஏட்டின்னு கூப்பிட? அந்த ஒரு சொல்லுதான் எங்கிட்ட மிச்சம் கெடக்கு. அதையும் பூட்டி வைக்கச் சொல்லுதீகளே."

நானும் இரண்டு வெங்காயம் உரித்தேன்.

மே 9, வெள்ளி

இன்னும் ஒரே வாரம். மோட்டாரைக் கழற்றித் துண்டில் சுற்றி ஸ்கூட்டரில் முன்னால் வைத்துக்கொண்டு போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் முருகேசனின் ரீவைண்டிங் கடை. பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவனின் தம்பி.

மீட்டர் வைத்துப் பார்த்தான். மூன்று சுருளும் ஒன்றுபோல் காட்டின. அவன் கடையில் இருந்த டிரைவில், அதாவது மோட்டாருக்கு வேகம் கொடுக்கும் பெட்டியில், மாட்டி ஓடவிட்டான். நான் ஒரு டீ, ஒரு வடை, பிறகு இன்னொரு டீ. மோட்டார் நிற்கவே இல்லை. புகுந்த வீட்டுக்கு வந்த மருமகள் மாதிரி அவ்வளவு அடக்கம்.

"அண்ணாச்சி, மோட்டாருக்கு ஒரு நோவும் இல்ல. நீங்கதான் எளச்சிட்டீக."

"வீட்டுல மட்டும் நிக்குதப்பா."

"அப்பம் கோளாறு வீட்டுலதான் இருக்கு. கம்ப்யூட்டர் சொல்லுத வேகத்த விட்டுட்டு, டிரைவ் பெட்டியில உள்ள குமிழத் திருப்பி ஓட்டிப் பாருங்க."

பைசா வாங்கவில்லை. மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. செய்தி தெரிந்திருக்கிறது. கேட்காததற்கு நன்றி என்று நினைத்துக்கொண்டே வந்தவன், வீட்டு வாசலில், ஏன் கேட்கவில்லை என்று கோபப்பட்டேன்.

மே 10, சனி

குமிழ் வைத்து ஓட்டினேன். மோட்டார் சீராக ஓடியது. அப்பாடா என்று உட்கார்ந்தேன். ஒரு பூவிதழ் செதுக்கி முடிவதற்குள் கன்ட்ரோல் போர்டு உறைந்துவிட்டது. லேப்டாப்பில் தொடர்பு இல்லை என்று சிவப்பு எழுத்து. முதலில் மோட்டார் நின்றது, கை நகர்ந்தது. இப்போது மோட்டார் சுற்றுகிறது, கை நகரவில்லை. ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி மரம் கருகி வாடை.

மோட்டார் குற்றமில்லை என்றால் வயர்தான். வயர் என்றால் உமா போட்டது.

ஒவ்வொரு வயரிலும் வெள்ளை டேப் ஒட்டி எழுதி வைத்திருக்கிறாள். மோட்டார். வேகம். ஸ்டாப். கன்ட்ரோல் போர்டுக்குப் போகும் ஒன்றில் மட்டும்: அப்பா தொடக் கூடாது.

அதைத்தான் வெட்ட வேண்டியிருந்தது.

மதியம் முழுக்க கட்டிங் பிளேயரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் வெட்டினேன். டேப்பைப் பிரித்துப் பர்ஸில் வைத்தேன். வெளி மின்சாரம் உள்ளே புகாதபடி உலோக வலை சுற்றிய புது வயர் போட்டேன். கடையில் இருந்ததிலேயே நல்லது.

மே 11, ஞாயிறு

புது வயர். அதே நோய். ஏறுது, இறங்குது, நிக்குது.

முக்காலியை எட்டி உதைத்தேன். கால் பெருவிரல் வீங்கிவிட்டது. முக்காலிக்கு ஒன்றும் இல்லை.

அவள் வயரில் ஒரு குறையும் இல்லை. வேறு யார் மேலும் பழி போட வழியில்லாமல் செத்த பிள்ளை மேல் போட்டேன். எதிர்த்துப் பேச அவள் இல்லை. இருந்திருந்தால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். அந்த ஏச்சைக் கேட்க இன்று எவ்வளவு ஆசையாக இருக்கிறது.

அக்காவுக்கு போன் செய்து ஓலைப்பெட்டியே சொல்லிவிடு என்று சொல்ல எடுத்தேன். எடுத்துவிட்டு வைத்துவிட்டேன்.

மே 13, செவ்வாய்

மேகம் கூடி ஏமாற்றியது. கயத்தாறு பக்கம் மழையாம். இங்கே ஒரு சொட்டு இல்லை.

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

சாயங்காலம் செ. கொட்டகைக்குள் வந்தாள். மார்கழிக்குப் பிறகு முதல் தடவை. கையில் காப்பி. வெறுங்கால். டம்ளரை மெஷின் மேடையில் வைக்கப்போனவள் வெடுக்கென்று கையை இழுத்தாள். காப்பி முழுக்க என் வேட்டியில்.

"என்னங்க இது, சுள்ளுன்னு அடிக்குது?"

"வேர்வையா இருக்கும்."

"வேர்வையாம்லா வேர்வை. உமா இருக்கையில நான் எத்தன தடவ இதுல தட்டு வச்சு எடுத்திருக்கேன். ஒரு நாளும் இப்படி அடிச்சதில்ல."

நான் செருப்போடு நிற்கிறவன். எனக்கு விறுவிறு. வெறுங்காலோடு வந்தவளுக்குச் சுள். மேடையிலிருந்து போகும் பச்சை வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். சுவர், ஜன்னல், கொல்லைப்புறம். கசியும் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கும் எர்த் குழி. அதன் பக்கத்தில் உமா வைத்த கனகாம்பரம். செடி இல்லை, குச்சிதான். மார்கழிக்குப் பிறகு செ. அந்தப் பக்கமே போகவில்லை. "அவ இல்லாத செடிக்கு எதுக்குத் தண்ணி" என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். நானும் ஊற்றவில்லை.

கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. எர்த் பைப்பைச் சுற்றி மண் விலகி, என் கை மணிக்கட்டு வரை உள்ளே போனது. பைப்பைத் தொட்டுக்கொண்டு ஒரு பிடி மண் இல்லை. வெறுமனே நிற்கிறது.

முருகேசனுக்கு போன். சிரித்தான். "எர்த்துக்குத் தண்ணி ஊத்தலியா அண்ணாச்சி? டிரைவ் கெளப்புத கரண்டு இரைச்சலுக்குப் போக எடம் இல்லேன்னா கண்ட வயருக்குள்ளயும் பூந்துரும். வேகமும் ஆடும், போர்டும் செத்துரும். உப்புத் தண்ணியா ஊத்துங்க. வெடிப்பு மூடட்டும்."

கரிசலில் பிறந்தவன் நான். சின்ன வயதில் புஞ்சை வெடிப்பில் கால் மாட்டி முட்டி பெயர்ந்த தழும்பு இன்னும் இருக்கிறது. மோட்டாரைச் சந்தேகப்பட்டேன், வயரைச் சந்தேகப்பட்டேன், பெற்ற மகளைச் சந்தேகப்பட்டேன். இந்த மண் கோடையில் என்ன செய்யும் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

திரும்பினால் செ. பின்னால் நிற்கிறாள். முகம் வேறு மாதிரி.

"அவ தெனமும் காலையில போர் தண்ணி ஒரு வாளி கொண்டாந்து இங்கன ஊத்துவா. நான் ஏசுவேன். 'ஏட்டி, செடி அங்கன இருக்கு, நீ பைப்புக்கு ஊத்துத'ன்னு. சிரிப்பா. 'இதுக்கும் தாகம் எடுக்கும்மா'ம்பா. நான் வெளயாட்டுக்குச் சொல்லுதான்னுல்லா நெனச்சேன்."

அங்கேயே வெடித்த மண் மேல் உட்கார்ந்துவிட்டாள். மார்கழியில் அழாதவள். இன்று அழுதாள். நான் எழுப்பவில்லை. நானும் உட்கார்ந்தேன்.

மே 14, புதன்

கடை திறக்கவில்லை.

போர் தண்ணீர், வாளி வாளியாக. கல்லுப்பு ஒரு பை. அடுப்புக்கரி. ஊற்ற ஊற்ற மண் குடித்துக்கொண்டே இருந்தது. முதல் வாளிகள் போன இடம் தெரியவில்லை. நான் இறைத்தேன், செ. சுமந்தாள். சாயங்காலம் மண் உப்பி, வெடிப்பின் உதடுகள் ஒட்டிக்கொண்டன. பைப்பை ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை.

கனகாம்பரக் குச்சிக்கும் ஒரு வாளி. நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளேயும் காய்ந்துதான் இருக்கிறது.

மே 15, வியாழன்

வைகாசி பிறந்தது. மேடையில் வெறுங்காலோடு கை வைத்தேன். ஒன்றும் இல்லை. வெறும் இரும்பு.

பலகையை மறுபக்கம் திருப்பிப் போட்டேன். கருகிய பூ அடியில் போய்விட்டது. ஓட்டினேன். மோட்டார் ஒரே சுருதி. இதழ், காம்பு, மொட்டு, இலை. ஒரு இடத்தில்கூட மூச்சு வாங்கவில்லை. நன்றாக ஓடுகிறதே என்று சந்தோஷம். அவள் பார்க்கவில்லையே என்று உடனே துக்கம். இரண்டும் சேர்ந்தே வந்தன.

செ. முக்காலியில் உட்கார்ந்து கடைசி வரை பார்த்தாள். பூவரச மரத்தூளை முந்தானையால் துடைத்தாள். விரலை ஒவ்வொரு இதழிலும் ஓட்டினாள். "வைப்போம்" என்றாள்.

மே 16, வெள்ளி

அக்கா எட்டயபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். கூடவே ஓர் ஓலைப்பெட்டி, எதற்கும் இருக்கட்டும் என்று. மூடியைப் பார்த்ததும் ஓலைப்பெட்டியைக் கட்டைப்பைக்குள் தள்ளிவிட்டாள்.

ஆரஞ்சு நிறச் சேலை. வளையல். சீப்பு. கண்ணாடி. பச்சரிசி மாவு, கருப்பட்டி. யாருக்கும் தெரியாமல் அந்த டேப்பையும் உள்ளே வைக்கலாமா என்று பர்ஸைத் தடவினேன். வைக்கவில்லை. தெய்வம் ஆனவள் அப்பா தொடக் கூடாது என்று சொல்வாளா?

அக்கா சொன்னாள், "செல்வி, நீதான் கடைசியா ஒரு தடவ பேரு சொல்லிக் கூப்பிடணும். பெறவு மூடிரு."

செ. கூப்பிடவில்லை. கை கூப்பி, "தாயே, வா" என்றாள். மூடினாள். அக்கா என்னைப் பார்த்தாள். நான் விளக்கைப் பார்த்தேன்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று போகும்போது அக்கா சொன்னாள். ஆமாம் என்றேன்.

மே 17, சனி

காலையிலேயே வெயில். விழித்தபோது பக்கத்தில் செ. இல்லை. அடுப்படியில் இல்லை. சாமி அலமாரி முன்னாலும் இல்லை.

கொல்லையில் போர் குழாய்ச் சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாளியைத் தூக்கிக்கொண்டு எர்த் குழிக்குப் போகிறாள். குனிந்து, மெதுவாக, பைப்பைச் சுற்றி ஊற்றுகிறாள்.

"ஏட்டி உமா. குடிட்டி."

நான் கதவைத் திறக்கவில்லை.