அத்தை கைத் தக்காளி சாண்ட்விச்

அன்புள்ள என்னவருக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா? நான் நலம்.

நேற்று போனில் நம் மகள், "அத்த செய்யிற தக்காளி சாண்ட்விச் மாதிரி உனக்கு வராதும்மா" என்றாள். எனக்கு வயிறு எரிந்தது. இந்த ஓட்டலில் பழுத்த தக்காளியும் மொறுமொறுவென்று வறுத்த பன்றிக்கறியும் வைத்து நாள் முழுக்க நான் செய்வதே அதைத்தான். உங்கள் தங்கைக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். அந்த நினைப்பில் கறியைப் புரட்டியபோது கையில் லேசாகக் கொழுப்பு தெறித்துவிட்டது, பயப்படாதீர்கள்.

"யாரு மேலம்மா கோவம்?" என்று பெரிய சமையல்காரர் சிரித்தார்.

"என் நாத்தனார் மேல" என்றேன்.

தக்காளித் துண்டுகளில் உப்புத் தூவி நீரை வடித்தால் ரொட்டி ஊறாது. இதை மட்டும் அவளிடம் வேண்டுமென்றே சொல்லவில்லை. நீங்கள் சொல்லிவிடுங்கள், பிள்ளை நன்றாகச் சாப்பிடட்டும். ஆனால் அம்மா சொன்னது என்று மகள் காதில் விழும்படி சொல்லுங்கள்.

அடுப்படியில் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் மனைவி