டிம்மி சாப்பிடும் கை

ஆவணி 9, திங்கள்

புழுக்கம். மேகம் மலைமேல் வந்து உட்கார்ந்ததோடு சரி. கரண்ட் பத்திலிருந்து பன்னிரண்டு வரை இல்லை.

வாங்க: கறுப்பு மை, வெண்டைக்காய், கொசுவத்தி.

ஹென்றி சார் முகமே சரியில்லை. அமெரிக்காவில் அவர் கார்ட்டூன் வரும் பத்திரிகைக்கு ஒரு பையனின் அம்மா எழுதியிருக்கிறாள். கார்ட்டூனில் வரும் டிம்மி இடது கைக்காரனாயிற்றே, போன வாரம் மட்டும் வலது கையால் சாண்ட்விச் தின்கிறானே, ஏன் என்று. பத்திரிகை ஆசிரியரும் காரணம் கேட்கிறார்.

தின்ன வைத்தது நான்தான். பந்து எறிய, எழுத, நாயை இழுக்க, எல்லாவற்றுக்கும் இடது கை கொடுத்தேன். சாப்பாடு என்றதும் தானாக வலது கைக்குப் போய்விட்டது.

சாருக்குக் கை நடுங்க ஆரம்பித்து ஒன்றரை வருடம். கதை அவர், கோடு நான், கீழே பெயர் அவருடையது. அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள். முப்பது வருடக் கார்ட்டூன். என்னால்.

ஆவணி 10, செவ்வாய்

சரியாகத் தூங்கவில்லை. தோசை கருகியது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். சிரிக்கிறார்.

"பீச்சாங்கைல துன்னா உங்கம்மா வுட்டுருப்பாங்களா? கண்டுபுடிச்சாதான் என்னா, ஏரோப்ளேன் ஏறி வந்து புடிச்சிகினு போவானா?"

ஆட்டோ ஓட்டுகிறவருக்கு எல்லாமே லேசு.

சார் இன்னும் பதில் போடவில்லை. உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று என்னையே கேட்டார். "உங்க இஷ்டம் சார்" என்றேன். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை, ஏனோ.

ஆவணி 11, புதன்

பௌர்ணமி. செங்கம் ரோடு முழுக்கக் கிரிவலக் கூட்டம். சார் அறைக்கு நடந்தே போனேன். செருப்பு வார் அறுந்தது.

மூன்று படம் முடித்தேன். டிம்மியின் கையை நாலு தரம் பார்த்துப் பார்த்து, காது போட மறந்துபோனேன்.

சார் காலையில் பதில் அனுப்பிவிட்டாராம். வயதாகிவிட்டது, கவனக்குறைவு, மன்னிக்கவும் என்று. அப்பாடா. ஆனால் நம்ப வேண்டுமே.

ஆவணி 12, வியாழன்

நம்பிவிட்டார்கள். ஆசிரியர் மெயிலை சார் வாசித்துக் காட்டினார். கவலை வேண்டாமாம். ஒன்றரை வருடமாக உங்கள் கோட்டில் இளமை திரும்பிவிட்டது என்று ஆபீசில் எல்லோரும் பேசிக்கொள்கிறார்களாம்.

"பொழச்சோம் சுமதி" என்று தமிழில் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவினேன். நிம்மதியாக அல்லவா இருக்க வேண்டும்? ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. வேறு யாராவது வரைகிறார்களா என்று அந்த ஆள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.