நீங்கள் சிரித்த ஊர்கள்

றிஸ்வானின் வாப்பாவுக்கு, ஜேர்மனியின் கொலோன் மண்ணுக்குள்ளும் என் ஸலாம் உங்களுக்கு வந்து சேரட்டும். உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட எனக்கு ஒருநாளும் வாய் வந்ததில்லை. எழுதக் கையும் வரமாட்டேன் என்கிறது.

உங்களுக்காக இருந்த நாலு மாதமும் பத்து நாளுமான இத்தா முடிந்துவிட்டது. இத்தனை நாளும் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டு, போன கிழமைதான் கண்டியில் நம் மஹய்யாவ வீதியில் இறங்கி நடந்தேன். கண்டவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான். "ஏன் அவர அங்கேயே அடக்கினீங்க? இங்க கொண்டு வந்திருக்கலாமே?"

நீங்கள் சொன்னதைத்தான் செய்தேன் என்றேன். ஆனால் நீங்கள் சொன்னதைக் கேட்டவள் நான் ஒருத்திதானே! கொலோனில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகும் போதெல்லாம் ஒரு ஊரையாவது காட்டாமல் என்னைத் திருப்பிக் கூட்டிவர மாட்டீர்கள். நீங்கள் அதைச் சொன்ன முறை சுவிஸ். ரயில் மலை ஏறியது. "இந்தா, நம்மட ஹந்தானை மலைக்கு யாரோ சுண்ணாம்பு அடிச்சிருக்கான்" என்று பனியைக் காட்டினீர்கள். பிறகு ஒரு மையவாடி தெரிந்தது. கபுறுகளின் மேல் பூச்செடிகள்.

"நான் இந்தப் பக்கம் மவுத்தானா இங்கேயே வெச்சிடுங்க. பெட்டியில அடைச்சு கடைக்கிச் சாமான் அனுப்புற மாதிரி அனுப்பிடாதீங்க" என்றீர்கள். "வாயக் கழுவுங்க" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். முன் கதிரையில் இருந்த வெள்ளைக்காரி திரும்பிப் பார்க்கும்படி சிரித்தீர்கள்.

அந்தச் சிரிப்புத்தான் என்னைத் தின்றது. விளையாட்டுக்குச் சொன்னதை வசிய்யத்தாக, கடைசி விருப்பமாக எடுத்து உங்களை அந்நிய மண்ணில் விட்டுவிட்டேனா? ஒவ்வொரு தொழுகையிலும் அதையே கேட்டேன்.

இதற்கிடையில் றிஸ்வான் கோல் எடுத்தான். வேலையைக் கனடாவுக்கு மாற்றுகிறார்களாம். "வாப்பாவ தனிய விட்டுட்டுப் போறன் உம்மா" என்று அழுதான். அவனைத் தேற்றினேன். என்னைத் தேற்ற வழி தெரியவில்லை. இனி அந்தக் கபுறடியில் ஸலாம் சொல்ல நம்மில் யார் இருக்கிறார்?

செய்தி உங்கள் ஊர் அக்குறணைக்கும் போய்விட்டது. நேற்று உங்கள் கூடப்பிறந்த அக்கா, ஃபரீதா தாத்தா, வந்து இறங்கினார். மவுத்து நாளிலிருந்து என்னோடு முகம் கொடுத்துப் பேசாத மதினி, கதவைத் தாண்டும் முன்பே தொடங்கிவிட்டார்.

"மகனும் போறானாமே? இப்ப என்ட தம்பிக்கி அங்க யாரு ஈக்கி? எங்கட வாப்பா உம்மாட பக்கத்துல படுக்க வேண்டியவன்."

"அவர்தானே மதினி சொன்னார்."

"சென்னான், சென்னான்! எப்பிடிச் சென்னான்? அதச் செல்லுங்க."

ரயிலில் நடந்ததை அவருக்கு முழுதாகச் சொன்னேன். மற்றவர்களிடம் உங்கள் வார்த்தையை மட்டும்தான் சொல்லியிருந்தேன். நேற்று எனக்கு ஒளிக்கத் தெம்பில்லை. "சொல்லிட்டுச் சிரிச்சார் மதினி. பெலமா சிரிச்சார். அது நிசமா, பகிடியா எண்டு இன்னும் எனக்கு விளங்கல்ல" என்றேன். இனி வசவுதான் என்று குனிந்து இருந்தேன்.

மதினி சாய்மனைக் கதிரையில் மெல்ல உட்கார்ந்தார்.

"அவன் பயந்தாத்தான் சிரிப்பான், புள்ள" என்றார். "சுன்னத்து வெச்ச அன்டைக்கி ஊரே கேக்கச் சிரிச்சான். வாப்பாட மையத்தத் தூக்கச்செல்லயும் சிரிச்சான். மாமா எல்லார்ட முன்னுக்கும் அறஞ்சிட்டார். இவ்வளவு காலம் கூட ஈந்தீங்க, இது தெரியாதா?"

தெரியாது. சத்தியமாகத் தெரியாது. நீங்கள் சிரித்த முகத்துக்காரர் என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்படியென்றால் ரயிலில் நீங்கள் மவுத்துக்குப் பயந்துதான் சிரித்தீர்கள், சொன்னது நிசம். அந்தப் பாரம் இறங்கியது, அல்ஹம்துலில்லாஹ். மதினியும் என் கையைப் பிடித்து அழுதார். ஆனால் அவர் போன பிறகு வேறொன்று ஏறி உட்கார்ந்துவிட்டது.

முதல் பயணம் நினைவிருக்கிறதா? பாரிஸில், கண்டியில் தொழுகிற பழக்கத்தில், சூரியன் இறங்குகிற பக்கம் பார்த்தே நான்கைந்து நாள் தொழுதோம். ஹலால் இறைச்சிக் கடை அல்ஜீரியாக்காரர்தான் தலையில் அடித்துக்கொண்டு, இங்கே கிப்லா தென்கிழக்கு என்று கை நீட்டிக் காட்டினார். நான் தெருவிலேயே அழுதேன். நீங்கள் சிரித்தீர்கள். "அல்லாஹ்வுக்குத் தெரியும், நாங்க கண்டிக்காரர் எண்டு" என்றீர்கள். அறைக்கு வந்ததும் அத்தனை தொழுகையையும் ஒன்று விடாமல் திரும்பத் தொழுதீர்கள். மார்க்கப் பேணுதல் என்று நினைத்தேன்.

நிலக்கீழ் ரயிலில் நான் ஏறிவிட்டேன், கதவு மூடியது, நீங்கள் வெளியே நின்று சிரித்தீர்கள். அடுத்த நிலையத்தில் வந்து சேர்ந்த உங்களோடு அன்று முழுக்க நான் பேசவில்லை. உங்கள் உள்ளங்கை நனைந்திருந்ததை வெயில் என்று நினைத்தேன். இலைகள் கொட்டுகிற மாதத்தில் ஏது வெயில்?

இன்று என் பயணச் செலவுக் கொப்பியைப் புரட்டினேன். ரொட்டி, பழம், டிக்கெட், எல்லாம் சரியாக இருக்கிறது. எந்த ஊரில் நீங்கள் பயந்தீர்கள் என்று மட்டும் நான் எழுதி வைக்கவில்லை. ஐரோப்பா முழுக்க என்னைச் சிரித்துச் சிரித்துக் கூட்டிப் போனீர்களே, அதில் எது சந்தோஷம், எது பயம்? கேட்பதற்கு நீங்கள் இல்லை.

கடைசியாக, கொலோனில் அந்த ஆஸ்பத்திரி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்த உங்களை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். "வாப்பா சிரிக்கிறார் மகன், பயமில்ல" என்று றிஸ்வானிடம் சொன்னேன். திருப்பி நானும் சிரித்துவிட்டு, கையை விட்டேன்.

றிஸ்வான் அங்கிருந்து புறப்படும் முன் நான் வருகிறேன். மதினியையும் கூட்டி வருகிறேன். முதல் வேலையாக, மதினியின் பாஸ்போட்டுக்குப் படம் பிடிக்க நாளைக்கு இரண்டு பேரும் டவுனுக்குப் போகிறோம். அவன் போன பிறகும், உடம்பில் தெம்பு இருக்கும்வரை வருவேன். வர முடியாத நாளில், ஒவ்வொரு தொழுகைக்கும் பின்னால் என் முதல் துஆ, கபுறுக்குள் உங்களுக்குப் பயம் வரக்கூடாது என்பதாகவே இருக்கும். இது என் வாக்கு.

இப்படிக்கு,
உங்கள் சிரிப்பை இவ்வளவு பிந்தி விளங்கிக்கொண்ட,
றிஸ்வானின் உம்மா