சம்பந்தி அம்மாள் தைத்த துணிச்சுவர்

புத்தூர்,
21-08-2025, வியாழக்கிழமை.

அன்பும் பொறுமையும் ஒருங்கே வாய்த்த என் மகள் ரூபாவுக்கு, உன் தாய் யசோதா எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உன் தந்தையாரும் உன் தம்பி முரளிதரனும் உடல்நலத்தில் குறைவின்றி இருக்கிறோம். அவ்விடம் நீயும் மாப்பிள்ளை ஸ்ரீஹரியும் அவ்வாறே இருக்கவேண்டுமென்று நாள்தோறும் விளக்கேற்றும் வேளையில் வேண்டிக்கொள்கிறேன். உங்களோடு தங்கியிருக்கும் சம்பந்தி அம்மாளின் நலத்தையும் அறிய விரும்புகிறேன். இன்று அதனைச் சம்பிரதாயத்துக்காகக் கேட்கவில்லை என்பது இக்கடிதத்தைப் படித்து முடிக்கும்போது உனக்கு விளங்கும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ வியப்பாய். நீ எப்போது அழைத்தாலும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், நான் ஒரு வார்த்தை சொன்னால் அங்கிருந்து மூன்று பேர் பதில் சொல்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் உன் போன் சமையல் மேடையின்மேல் எல்லோர் கைக்கும் எட்டும்படி கிடக்கிறது, தொட்டால் அதுவே உரக்கப் படித்துக் காட்டிவிடும். உன் மாமியாரும் மாப்பிள்ளையும் சித்தூரில் தெலுங்குப் பள்ளியில் படித்தவர்கள், தமிழை வாயாரப் பேசுவார்களேயன்றி எழுத்துக் கூட்டிப் படிக்கமாட்டார்கள். நானும் தெலுங்குப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆயினும் நம் தையல் கடைக்கு வந்த பழைய தினசரித் தாள்களை வைத்துக்கொண்டு தமிழெழுத்தை யாருடைய உதவியுமின்றி நானே கற்றேன், உன்னையும் தையல் மேசைமேல் உட்காரவைத்துக் கற்பித்தேன். மாப்பிள்ளையின் நண்பரான திருப்பதி பவன்குமார் ஞாயிறன்று ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறுகிறார், அவர் கையில் இக்கடிதத்தையும் ஒரு சிறு பொட்டலத்தையும் கொடுத்தனுப்புகிறேன். இதை நீ தனியாக இருந்து படி.

இங்கே விநாயக சவிதி நெருங்குவதால் பந்தல்காரர்களின் தார்ப்பாய் வேலை தலைக்குமேல் கிடக்கிறது. ஆட்டோ ஹூட் தைக்கக் கொடுத்தவர்களை அடுத்த வாரம் வரச்சொல்லித் திருப்பியனுப்புகிறேன். முரளிக்கு ரேணிகுண்டா வேலையில் ஷிப்ட் மாற்றிவிட்டார்கள், இளைத்துத்தான் போயிருக்கிறான், கேட்டால் ஜிம் என்கிறான். உன் தந்தையார் லாரி ஓட்டுவதை நிறுத்தி இரண்டாண்டாகியும் காலையில் எழுந்ததும் வாசலில் நிற்கிற யாருடைய வண்டியின் டயரையாவது ஓர் உதை உதைத்துப் பார்க்காமல் காபி குடிப்பதில்லை. நீ பிக்கப் வாங்கிய நாளிலிருந்து அவருக்குப் பேச வேறு விஷயமே இல்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எம் பொண்ணு வண்டி முதுவுல ஒரு ரூம்ப தூக்கி வச்சிக்கினு போவுது நைனா, ஓடுறப்போ கூரை படுத்துக்கினு கீது, நிறுத்துனா எழுந்துக்குது, சுத்தி துணிதான் செவுரு" என்று கையை உயர்த்திக் காட்டுகிறார். போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு நீ அவரோடு மணல் பாதைக்கு டயரில் காற்றை எவ்வளவு குறைப்பது என்று நாற்பது நிமிடம் பேசினாய். என்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிட்டாய். நான் நேரத்தைப் பார்த்தேன் என்று நினைக்காதே, சுவரில் கடிகாரம் எதிரில்தான் மாட்டியிருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலுக்குப் பிறகு நீ பிக்கப்பின் முதுகில் ஏற்றும் அந்தக் கேம்பர் அறையை வாங்கி, கூரைமேல் சோலார் தகடு பதித்ததையும், உள்ளே பேட்டரிக்குப் பெட்டி அடித்ததையும், கட்டிலுக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி வைத்ததையும் வாரந்தோறும் படமாக அனுப்பினாய். ஒவ்வொரு படத்திலும் நான் பார்த்தது அந்தத் துணிச்சுவரை மட்டுமே. பழைய துணி அது, மடிப்பு விழும் இடமெல்லாம் வெளுத்திருந்தது, இன்னும் ஒரு வருடம் தாங்காது என்று அன்றே கணித்தேன். சென்னையிலிருந்து நீர் புகாத சாம்பல்நிறக் கேன்வாஸ் பன்னிரண்டு மீட்டர் வரவழைத்து மேல்தட்டில் வைத்தேன். இதை உன்னிடம் சொல்லவில்லை. நீயாகக் கேட்பாய் என்று காத்திருந்தேன். ஆட்டோ ஹூட்டும் லாரித் தார்ப்பாயும் தைத்தே உன்னை என்ஜினீயருக்குப் படிக்கவைத்தவள் நான், துணிச்சுவர் வேண்டுமென்றால் என் மகள் வேறு யாரிடம் போவாள் என்று இறுமாந்திருந்தேன்.

ஆகஸ்ட் ஆறாம் தேதி குடும்பக் குழுவில் படம் வந்தது. கூரையைத் தாங்கும் இரும்புக் கை உரசி இடப்பக்கச் சுவர் ஒன்றரை முழம் கிழிந்துவிட்டதாம், சம்பந்தி அம்மாள் வீட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்து மடியில் துணியைப் பரப்பிக்கொண்டு தைக்கிறாராம், கீழே நீ 'அத்தையின் கைவண்ணம்' என்று எழுதியிருந்தாய். எத்தனை பேர் சிவப்பு இதயம் போட்டார்கள் என்று எண்ணினேன், பதினேழு. நானும் ஒரு கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் போனை வைத்தேன். மறுபடி எடுத்து இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கித் தையலைப் பார்த்தேன். உன் தந்தையார், "இன்னாமே, அந்தப் படத்துல அப்டி இன்னா கீது, ஒரு மணி நேரமா பாத்துக்கினே கீற" என்றார். சம்பந்தி மெலிந்துவிட்டார்போலும் என்றேன். "யாரு, அந்தம்மாவா?" என்று சிரித்தார்.

நான் பார்த்தது இது. தையல் நேராக இருக்கிறது, ஒரு நூல்கூட விலகவில்லை, அதை மறுக்கமாட்டேன். ஆனால் அது ஜாக்கெட் தைக்கும் தையல். ஓர் அங்குலத்துக்குப் பன்னிரண்டு பொத்தல். கேன்வாஸுக்கு ஐந்துக்குமேல் போகக்கூடாது, போனால் காலண்டர் தாளைக் கிழிக்கச் சுலபமாகப் பொத்தல் போட்டு வைப்பதுபோல் ஆகிவிடும், நாலு நாள் கூரையை ஏற்றி இறக்கினால் அந்த வரிசையிலேயே பிளந்துகொள்ளும். அதைவிடப் பெரிய பிழை, மடிப்பின் வாய் மேல்நோக்கி இருக்கிறது. வாய் எப்போதும் கீழ்நோக்கி இருக்கவேண்டும். மேல்நோக்கினால் மழைநீர் அதில் நிற்கும், மழையில்லாத ஊரில் புழுதி நிற்கும், வண்டி குலுங்கும்தோறும் அந்தப் புழுதி பொத்தல் வழியே உள்ளே இறங்கும். பத்து வயதில் இதை உனக்குக் கற்றுக்கொடுத்தேன், நீ பக்கத்தில் நின்று படமெடுத்தாயேயன்றி இதைப் பார்க்கவில்லை.

அன்றே நான் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. பதினைந்து நாள் சொல்லாமல் இருந்தேன். மறந்துபோனேன் என்று எழுதினால் இக்கடிதம் எழுதுவதே வீண். அந்தத் தையல் பிரியட்டும் என்று விரும்பினேன். நடுக்காட்டில் கூரையைத் தூக்கும்போது பிளந்துகொள்ளட்டும், அப்போது உனக்கு என் நினைவு வரட்டும், அம்மாவிடம் கேட்டிருக்கலாமே என்று உன் வாயால் நீ சொல்லட்டும் என்று ஆசைப்பட்டேன். பொறாமை என்பதற்கு வேறு நல்ல சொல் இருந்தால் அதை இங்கே போட்டிருப்பேன்.

சென்ற ஞாயிறு உன் மாமனார் நாகபூஷணம் அவர்கள், அடுத்த மாதம் நீங்கள் மூவரும் கேம்பரில் போகும் பயணத்துக்காகக் காணிப்பாக்கத்தில் வாகன பூஜை செய்யவேண்டும், நாங்களும் வரவேண்டும் என்று அழைத்தார். போனோம். அங்கே வரிசையாகப் புது பைக்கும் காரும் நிற்க, உன் மாமனார் பையிலிருந்து உன் கேம்பரின் படத்தை எடுத்தார். பெரிதாகப் பிரிண்ட் போட்டு லேமினேஷன் செய்து கொண்டுவந்திருந்தார். அர்ச்சகர், "பண்டி எக்கட?" என்றார். "ஆஸ்திரேலியாவுல சாமி, இத வண்டின்னே நெனச்சிக்கினு செய்ங்க" என்றார் இவர். அர்ச்சகர் சற்று யோசித்துவிட்டுப் படத்து முகப்பில் குங்குமம் வைத்தார். எலுமிச்சம்பழத்தை எந்தச் சக்கரத்தின் கீழே வைப்பது என்று தெரியாமல் படத்தின்மேலேயே வைத்தார், அது உருண்டோடியது. உன் தந்தையார், "பிரேக் போடலியா சம்பந்தி?" என்று கேட்டுவிட்டார், பைக்குக்காரர்களெல்லாம் சிரித்தார்கள். அந்தப் படத்தில் கூரை எழுந்து நிற்கிறது, இடப்பக்கச் சுவரின் பக்கத்தில் சம்பந்தி அம்மாள் நிற்கிறார். உன் மாமனார் அதைக் கையால் துடைத்துவிட்டு என்னைப் பார்த்து, "ஏம்மா, இந்த வேலைல நீங்கதானே கெட்டி. நம்ம ருக்மணி தச்சது எப்டி கீது? உள்ளத சொல்லுங்க, நா ஒண்ணும் நெனச்சிக்கமாட்டேன்" என்றார். "குறையே இல்லை, நானே தைத்தாலும் இப்படித்தான் வரும்" என்றேன்.

அது எந்த இடம் என்று உனக்குத் தெரியும். வழக்கு உள்ளவர்கள் குளத்தில் முழுகி ஈரத்துணியோடு வந்து சத்தியம் செய்கிற சந்நிதி. திருடினவன்கூட அவ்வாசலில் ஒப்புக்கொள்வான் என்பார்கள். நான் யாரும் கேட்காத சத்தியத்தைச் சிரித்த முகத்தோடு செய்துவிட்டு, பிரசாதத்தையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

திரும்பும் வழியில் காரில் சம்பந்தி அவர்கள் பவன்குமாரிடம் கொடுத்தனுப்ப மருந்துப் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். அதில் மூச்சுக்கு இழுக்கிற பம்ப் மூன்று. "ருக்மணிக்கு மண்ணு தூசி பட்டா போதும்மா, இழுப்பு வந்துரும். இங்கயாவது ஆஸ்பத்திரி பக்கத்துல கீது" என்றார். மேலும், சம்பந்தி அம்மாளுக்குச் சூரியன் உதிப்பது தெரியவேண்டுமென்று நீ இடப்பக்கத்துப் படுக்கையைக் கொடுத்திருக்கிறாய் என்றும் பெருமையோடு சொன்னார். ரூபா, நீயே சொல்லியிருக்கிறாய், செம்மண் பாதை, இரண்டு நாளுக்கு மருத்துவமனை கிடையாது, போன் சிக்னலும் கிடையாது என்று. நான் பிரியட்டும் என்று வேண்டிக்கொண்ட தையல் அவர் தலைமாட்டில் இருக்கிறது.

திங்கட்கிழமை காலையிலேயே உன்னை அழைத்தேன். போனை எடுத்தவர் அவரே. நான் வாய் திறப்பதற்கு முன்பே, "சம்பந்தி, நீங்க கொறையே இல்லன்னு சொன்னீங்களாமே! கோயில்ல வச்சி சொன்னீங்கன்னு இவுரு போன் பண்ணாரு. நா பயந்துக்கினே தச்சேன், யசோதாம்மா பாத்தா சிரிப்பாங்கன்னு. இப்போ எனக்கு பரீட்ச பாஸானாப்ல கீது" என்றார். அவர் குரலில் அவ்வளவு மகிழ்ச்சி. நான் மழை உண்டா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதன் பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

ஆகவே நீ செய்யவேண்டியதைக் கவனமாகப் படி. அவர் தைத்ததைப் பிரிக்காதே, பிரித்தால் அத்தனை பொத்தலும் திறந்துகொள்ளும். பொட்டலத்தில் என் கேன்வாஸில் இரண்டு முழப் பட்டை ஒன்று வெட்டி வைத்திருக்கிறேன். கிழிசல் கூரை விளிம்புக்கு நாலு விரல் கீழே இருப்பதால், பட்டையின் மேல்விளிம்பைச் சுவரின் மேல்மடிப்புக்குள் செருகி, வெளிப்புறமாகக் கிழிசல் முழுவதையும் மூடி, நாற்புறமும் இரட்டைத் தையல் போடவேண்டும். இருபத்தொன்றாம் எண் ஊசி ஐந்து, வெயிலுக்கு மக்காத தடித்த நூல் ஒரு கண்டு வைத்துள்ளேன். வீட்டு மெஷின் திணறினால் சக்கரத்தைக் கையால் சுற்றித் தைக்கவேண்டும். தைத்தபின், அங்கே கூடாரக் கடையில் கிடைக்கும் பொத்தல் அடைக்கும் பசையை இருபுறமும் தடவி, ஒரு நாள் முழுதும் கூரையை இறக்காமல் காயவிடு. இரும்புக் கை உரசும் இடத்தில் ரெக்சின் துண்டு ஒன்று சுற்று, இல்லாவிட்டால் புதுத் துணியும் அங்கேயே கிழியும். இவ்வாறு செய்தால் என் துணி வெளியே இருக்கும், அவர் தையல் உள்ளே மறைந்துவிடும். இதில் எனக்கு மகிழ்ச்சி இல்லையென்றால் அது இரண்டாவது பொய்.

இதை யார் தைப்பது என்று இரண்டு நாள் யோசித்தேன். நீ தைக்கவேண்டும் என்றுதான் முதலில் எழுதினேன், அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். உன் கை சிறு வயதிலிருந்தே வலப்பக்கம் இழுக்கும், இரட்டைத் தையல் உனக்கு ஒருநாளும் ஒன்றாகப் போனதில்லை. நேராகப் போகிற கை அவருடையது. அவரே தைக்கட்டும். முடித்ததும் நீங்கள் எல்லோரும் அவரைப் புகழ்வீர்கள், புகழுங்கள், அதை என்னோடு போனில் இருக்கும்போது செய்யவேண்டாம்.

பிழையை நீயே கண்டுபிடித்ததாக அவரிடம் சொல்லிவிடலாம் என்று உனக்குத் தோன்றும். உன் நல்ல மனசு எனக்குத் தெரியும். அப்படிச் செய்யாதே. யசோதா முதல் நாளே பார்த்தாள், தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தாள், கோயிலில் சொன்னதும் பொய் என்று அவரிடம் சொல். எதற்காக என்று கேட்டால் அதையும் சொல். சவிதி முடியும்முன் நான் காணிப்பாக்கம் போய் முழுகிவிட்டு வருவேன், ஆனால் அதனால் அங்கே பொத்தல் அடைபடாது. அவர் கோபித்துக்கொள்ளலாம். இந்த ஜன்மத்தில் என்னோடு பேசமாட்டேன் என்றாலும் சொல்லட்டும், ஆனால் பட்டையைத் தைக்காமல் செப்டம்பர் ஆறாம் தேதி வண்டி புறப்படக்கூடாது. தைக்க நேரமில்லையென்றால் பயணத்தைத் தள்ளிப்போடு.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் சகல நன்மைகளும் உண்டாகவேண்டும், சம்பந்தி அம்மாளின் மூச்சு சீராக இருக்கவேண்டும் என்று மனமார வாழ்த்துகிறேன். ஈரத்தோடு கூரையை மடிக்காதே, மடிக்க நேர்ந்தால் அன்று மாலைக்குள் திறந்து காயவை, பூஞ்சை பிடித்த கேன்வாஸை யாராலும் காப்பாற்ற முடியாது. முதல் ஐம்பது கிலோமீட்டரில் வண்டியை நிறுத்திக் கேம்பரைப் பிணைக்கும் கொக்கிகளை மறுபடி முடுக்கச் சொல்லி உன் தந்தையார் எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

இவ்வண்ணம்,
உன் நலம் நாடும் தாய்,
சி. யசோதா.