சோப்புப் போடாத குடுவை

டாக்டரம்மா அவர்களுக்கு,

ரயில் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போன வருஷம், தபால்காரர்கள் வேலைநிறுத்தத்தில் கடிதமே வராமல் கிடந்த அதே வருஷம்தான் நீங்கள் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தீர்கள். அங்கே குடுவை கழுவிக்கொண்டிருந்தவன் எழுதுகிறேன். கை மருமகளுடையது, பேச்சு என்னுடையது. சொல்வதை அழகுபடுத்தாதே என்று சொல்லியிருக்கிறேன்.

முட்டிவலி என்று போன கடிதத்தில் போட்டிருந்தீர்கள். மாடிப்படி ஏறுவதைக் குறையுங்கள். எனக்கு இருமல். அதைப் பிறகு சொல்கிறேன்.

போன வாரம் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அடுத்த மாதம் பேராசிரியர் பெயரில் புதுக் கட்டிடம் திறக்கிறார்களாம். எனக்கு மேடையில் நாற்காலியாம். எதற்கு என்றேன். சுவரில் பதிக்கப்போகும் கல்லின் வாசகத்தைப் படித்துக் காட்டினாள். குழந்தைகளைக் கொன்ற காய்ச்சலின் கிருமியை முதன்முதலில் குடுவையில் வளர்த்தவர் பேராசிரியராம். கழுவுகிற ஆள் சோப்புப் போட மறந்ததால் அந்த அதிர்ஷ்டம் அவருக்கு வாய்த்ததாம். அந்த மறதிக்காரன் நானாம். மருமகள் சிரித்துவிட்டாள். எந்தக் கல்யாணத்தில் யார் இவரைக் கவனிக்கவில்லை என்று முப்பது வருஷத்துக் கதையைச் சொல்லிச் சண்டைக்கு வருகிற மனுஷனா மறந்தார் என்று கேட்டாள்.

நான் எதையும் மறக்கவில்லை அம்மா. நீங்கள் அக்கரைச் சனம், கறுத்த நிறம், போதாக்குறைக்குப் பெண். உங்கள் கைபட்ட குடுவையை மற்ற டாக்டர்மார் தொடமாட்டார்கள். ஸ்டோர்காரர் ஜன்னலோரம் தனி அலமாரி போட்டு, குடுவைக் கழுத்தில் சிவப்பு நூலும் கட்டிவைத்தார். அக்கரைக்காரி குடுவைக்கு சோப்பு வேற கேக்குதா, வெந்நீர ஊத்திக் கவுத்துப் போடு என்றார். ஒரு விருந்தாளி உங்களை வேலைக்காரி என்று நினைத்துக் கோட்டைக் கழற்றி நீட்டியபோது, வாங்கி மாட்டிவிட்டு வந்து வேலையைப் பார்த்தீர்கள்.

எல்லார் குடுவையிலும் கிருமி செத்தது. உங்களுடையதில் மட்டும் வளர்ந்தது. அவளுக்குச் சுத்தம் தெரியாது, வேற ஏதாவது அழுக்கா இருக்கும் என்றார்கள். நீங்கள் தொட்டியடிக்கு வந்து, அண்ணே, என் குடுவையையும் அவங்க குடுவையையும் எப்படிக் கழுவுறீங்க என்று கேட்டீர்கள். சொன்னேன். பொது அலமாரிக் குடுவையைச் சோப்பில்லாமல் நீங்களே கழுவி வைத்தீர்கள், அதிலும் வளர்ந்தது. சிவப்பு நூல் குடுவை ஒன்றுக்குச் சோப்புப் போட்டீர்கள், செத்தது. ஒட்டிக்கிட்டிருக்கிற சோப்புதாண்ணே கொல்லுது என்று சொல்லிச் சிரித்தீர்கள். அங்கே நீங்கள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பேராசிரியர் உங்களைக் கூப்பிட்டபோது பக்கத்து அறையில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தேன். உன் பேரைப் போட்டா, உன் குடுவைக்கு மட்டும் ஏன் சோப்பு இல்லைன்னு உலகமே கேக்கும், கூடத்தோட மானம் போயிடும்மா என்றார். உங்கள் மானம் அவருக்கு நினைவுக்கே வரவில்லை. அந்த மழைக்காலம் முடியுமுன் பெட்டி கட்டிவிட்டீர்கள். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தே ஆயுசு போய்விட்டது என்று பிறகு எழுதினீர்கள்.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் முகம் செத்துவிட்டது. அவளும் உங்கள் சனம், அதே நிறம். கூட்டம் நடந்தால் காபி ஊற்ற இன்றும் அவளைத்தான் கூப்பிடுகிறார்களாம். மறுநாள் வந்து, மேல சொன்னேன் தாத்தா, கையெழுத்துப் போடத் தெரியாத கெழவன் பேச்சுன்னு தள்ளிட்டாங்க என்றாள். அப்போது அங்கே வேலை பார்த்த படித்தவர் யாராவது சொன்னால் கல்லைப் பதிக்காமல் நிறுத்தலாமாம். நான் மேடைக்கு வரமாட்டேன் என்று சொல்லியனுப்பிவிட்டேன். ஆனால் நான் போகாவிட்டாலும் கல்லைப் பதித்துவிடுவார்கள்.

முட்டிவலியோடு வரச் சொல்வது பாவம்தான். முடியாவிட்டால் உங்கள் கையால் நாலு வரி எழுதுங்கள். அன்றைக்கு ஏன் பேசாமல் போனீர்கள் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கு அந்தப் பெண்ணுக்காகவாவது பேசுங்கள்.

நீங்கள் நன்றாக இருக்கவேண்டும், நெடுநாள் இருக்கவேண்டும். அந்த அலமாரியைப் பார்த்தவர்களில் பேராசிரியர் போய்விட்டார். ஸ்டோர்காரர் போய்விட்டார். டாக்டர்மாரும் ஒவ்வொருவராகப் போனார்கள். ஆஸ்பத்திரியில் என் நெஞ்சுப் படத்தைப் பார்த்துவிட்டு மகனை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். அதனால் என்னையும் போனவர்கள் கணக்கிலேயே சேர்த்து எழுதச் சொன்னேன். மருமகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள், எடுக்கவைத்துச் சொல்கிறேன். மிச்சம் இருப்பது நீங்கள் ஒருவர்தான், டாக்டரம்மா.