பதினான்கு ஜோடி பூட்ஸ்

நவம்பர் 4, செவ்வாய்

மார்க்கெட் பக்கத்துக் கோட்டையில் இன்று முதல் காவல் வேலை. யுத்தத்தைப் பற்றிய கலைக் கண்காட்சியாம். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரன் பீரங்கியால் சுவரை உடைத்து நுழைந்த கோட்டை. அன்றைக்கு யார் டியூட்டியோ!

டிபன் கட்டும்போதே என் மனைவி வேதநாயகி ஆரம்பித்துவிட்டாள். "பதினேழு வருஷம் ராணுவத்துல நெஜத் துப்பாக்கியோட நின்ன மனுஷன், இப்ப பொம்மை யுத்தத்துக்குக் காவலா?"

பென்ஷன் போதும் என்கிறாள். வீட்டில் உட்கார்ந்தால் அவள் செருப்புக்கும் பாலிஷ் போடுவேன். தெரியாதா அவளுக்கு?

நவம்பர் 5

ஓர் அறையில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஸ்பீக்கரில் குண்டு வெடிக்கிறது. முதல் வெடிக்கே தரையில் படுத்துவிட்டேன். அதுவும் நிகழ்ச்சிதான் என்று காலேஜ் பெண்கள் கை தட்டினார்கள். எழுந்து ஒரு சல்யூட் வைத்தேன். வேறென்ன செய்ய?

நவம்பர் 6

எனக்குக் கொடுத்த அறையில் பதினான்கு ஜோடி பழைய ராணுவ பூட்ஸ். எல்லாவற்றிலும் காய்ந்த சேறு. எந்த சுபேதாருக்கும் ரத்தம் கொதிக்கும். எனக்கும் கொதித்தது. பிரஷ் எப்போதும் என் பையில் இருக்கும். கதவு திறப்பதற்கு முன் இரண்டு ஜோடியை முகம் தெரிகிற அளவுக்குத் துடைத்து வைத்தேன். நிம்மதி.

நவம்பர் 7

நிம்மதி போச்சு. இதையெல்லாம் செய்து வைத்த அனுஷா மேடம் வந்தார்.

"அண்ணா, யாரு இதைத் தொட்டது?"

"நான்தான் மேடம். அழுக்கா இருந்துச்சு."

"அந்த அழுக்குதாண்ணா ஆர்ட் வொர்க்கே! பதினாலு சோல்ஜர் வீட்ல கெஞ்சி வாங்கினேன்."

சூப்பர்வைசர் ஐடி கார்டைக் கழற்றச் சொன்னார். வேலை போச்சு என்று கழற்றும்போது வாய் தானாகப் பேசிவிட்டது. வேதநாயகியிடம்கூடச் சொல்லாத விஷயம்.

என்னோடு ஒரே படைப்பிரிவில் இருந்த ரங்கா எல்லையில் செத்த அன்று, வீட்டுக்கு அனுப்ப அவன் சாமான் பெட்டியைக் கட்டியவன் நான். லாரி கிளம்புகிற அவசரம். பூட்ஸைச் சேற்றோடு அப்படியே போட்டு மூடிவிட்டேன். கேஜிஎஃப்ல, அவன் சொந்த ஊர்ல, அவங்கம்மா அதைத் திறந்திருப்பாங்க — பெத்தவ கையில அழுக்கு பூட்ஸையா கொடுப்பான் ஒருத்தன்? இருபத்தாறு வருஷமா எந்த பூட்ஸைப் பார்த்தாலும் கை பிரஷ்ஷைத் தேடுது.

மேடம் கார்டை வாங்கி என் கழுத்திலேயே மாட்டினார். "மீதியையும் நீங்களே துடைங்கண்ணா. திங்கக்கிழமை லீவு போக, தினம் ஒரு ஜோடி. ஜனங்க பாக்கட்டும்."

நவம்பர் 8

வாட்ச்மேனாக வந்தவன் கண்காட்சிப் பொருளாகிவிட்டேன். கண்ணாடி போட்ட ஒருவர் குனிந்து, "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார்.

"கறுப்பு பாலிஷ் சார்" என்றேன். குறித்துக்கொண்டார்.

நவம்பர் 12

வேதநாயகி வந்தாள். சிரிக்கத்தான் வந்திருப்பாள். துடைத்துக்கொண்டே ரங்காவைப் பற்றிச் சொன்னேன். சிரிக்கவில்லை.

"அந்தம்மா இருக்காங்களா?"

"தெரியல."

"இருபத்தாறு வருஷமா ஒரு போன் பண்ண தைரியமில்ல. இவரு ராணுவமாம்!"

நவம்பர் 16

பழைய ஆட்களிடம் விசாரித்ததில் நம்பர் கிடைத்தது. போடவில்லை.

நவம்பர் 18

இன்றும் இல்லை. டவர் சரியில்லை என்றேன். வேதநாயகி என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "நாலு கோடும் நிக்குது" என்றாள்.

நவம்பர் 20

சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும், அவளே போனைப் போட்டுக் கையில் திணித்துவிட்டாள். ரங்காவின் அம்மா லட்சுமம்மாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. குரல் மட்டும் கணீர் என்று இருக்கிறது. மன்னிச்சிடுங்கம்மா என்றேன்.

"எதுக்குப்பா?"

"பூட்ஸை... சேத்தோட அனுப்பிட்டேன்."

"அந்தச் சேறு இன்னும் இருக்குப்பா. ஒரு நாளும் நான் துடைக்கல. எம்புள்ள கடைசியா மிதிச்ச மண்ணாச்சே. நீ துடைச்சு அனுப்பியிருந்தா எனக்கு என்ன மிஞ்சியிருக்கும்?"

அழுதுவிட்டேன். வேதநாயகி தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கேலி செய்யவில்லை.

ஐயோ, பதின்மூன்று ஜோடியை அல்லவா துடைத்துத் தொலைத்திருக்கிறேன்!

நவம்பர் 21, வெள்ளி

கடைசி ஜோடி. எதிரே உட்கார்ந்தேன். ஜனங்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிரஷ்ஷைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினேன்.

"பாலிஷ் தீந்துடுச்சாண்ணா?" என்றார் மேடம்.

"இருக்கு மேடம். இது இப்படியே இருக்கட்டும்."