புளியமரத்தில் ஏறியது யார்?

நாமக்கல்
12.6.1999

அப்பாவுக்கு,

தபாலில் போட்டால் ஆபரேஷன் முடிந்த பிறகுதான் வந்து சேரும். அதனால் செம்மேடு பஸ் கண்டக்டரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அத்தையின் பித்தப்பைக் கல்லைத் திங்கட்கிழமை எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னதற்கு உங்கள் அக்கா என்ன சொன்னார் தெரியுமா? "என்ற தம்பி வந்து, மரத்துல ஏறுனது அவந்தான்னு சம்பந்தி முன்னால ஒத்துக்கட்டுங்க. அப்புறம் கைநாட்டு வெக்கிறனுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் என்னவென்று விளக்குவது? அறுபத்து நான்கில் பலாப்பழம் சுமந்து மலையிலிருந்து அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கிய இரண்டு பிள்ளைகளில் ஒன்று, முதன்முதலாக லாரியைக் கண்டு புளியமரத்தில் ஏறி, இருட்டும்வரை இறங்கவில்லை என்றா?

அத்தை மகள் கல்யாணப் பந்தியிலா அந்தக் கதையைச் சொல்வீர்கள்? "லாரி முட்டுமாடா?" என்று அத்தை மேலிருந்து கேட்டதாக நடித்துவேறு காட்டினீர்கள். சம்பந்தி வீடே சிரித்தது. அன்றோடு பேச்சு நின்றது. இப்போது உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லியனுப்பினாலும், "அவளே கூப்பிடட்டும்" என்கிறீர்கள்!

பொறுக்காமல் நானே கத்திவிட்டேன்: "நெசத்தச் சொல்லுங்க அத்தை, யாரு ஏறுனது?"

"நாந்தான் சாமி. உங்கப்பன் கீழயே நின்னு, அக்கா எறங்கி வா அக்கான்னு அழுதான். என்னைய உட்டுப்போட்டுப் போகவே இல்ல. இப்பத்தான் வரமாட்டீங்கறான்."

நீங்கள் கிளம்பிவிட்டதாகச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் கைநாட்டு வைத்துவிட்டார்.

நான் சொன்னது பொய். நாளைக் காலை முதல் பஸ்ஸில் வந்து அதை மெய்யாக்குங்கள்.

உங்கள் மகன்